மேகம் பார்த்து நின்ற பஸ்

போக்குவரத்துக் கழகத்தின் டிராபிக் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். என் அனுபவம் என்று பார்த்தால், இருபத்தேழு வருடம் பஸ்களுக்கு நேரம் குறித்தேன். அவற்றில் பெரும்பாலானவை அந்த நேரத்துக்கு வரவில்லை. முதுகுவலிக்காக விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இப்போது விருதுநகரில் வீட்டோடு இருக்கிறேன். ஓய்வு பெற்றால் எல்லாம் தெளிவாகிவிடும் என்றார்கள். எனக்கு ஒரு விஷயம் மட்டும் நாளுக்கு நாள் குழம்பிக்கொண்டே போகிறது. அதைத்தான் எழுதுகிறேன். படித்து முடித்தபின் உங்களுக்கு ஏதாவது புரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் நிறையப் படிப்பேன். ஏழை நாடுகளில் போக்குவரத்து எப்படி வளர்ச்சியைக் கொண்டுவருகிறது என்று தடித் தடியாகப் புத்தகங்கள். எல்லாம் ஒரே விஷயத்தைத்தான் சொல்லின. முதலில் ரோடு போட வேண்டும், பிறகு பஸ் விட வேண்டும், தொழில் தானாக வரும். எங்கள் பக்கத்தில் யாரும் அந்தப் புத்தகங்களைப் படித்திருக்கவில்லை. இங்கே கரிசல் காட்டுக்குள் முதலில் பட்டாசுக் கம்பெனி வந்தது. கம்பெனிக்கு ஆள் ஏற்ற வேன் வந்தது. வேன் போய்ப் போய் ரோடு வந்தது. கடைசியில், எல்லோரும் கேட்டுக் கேட்டு ஓய்ந்த பிறகு, நாங்கள் ஒரு பஸ் விட்டோம்.

அந்த பஸ் சாத்தூரில் கிளம்பி ஏழாயிரம்பண்ணை வழியாக ஒரு கடைக்கோடிக் கிராமத்துக்குப் போய்த் திரும்பும். ஒரு வழி நடையை நம் பாஷையில் சிங்கிள் என்போம் என்பது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மத்தியானம் ஒன்று இருபதுக்கு அந்தக் கிராமத்தில் கிளம்பிச் சாத்தூர் வரும் சிங்கிள்தான் நான் சொல்லப்போவது.

இந்த மாதிரி டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் ஏறும் ஒவ்வொரு பெண்ணுக்கும் கண்டக்டர் பூஜ்யம் போட்ட ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுக்க வேண்டும். எத்தனை பூஜ்யம் என்று எண்ணிப் பார்த்து அரசு நமக்கு ஈடு செய்கிறது. பூஜ்யத்துக்கு மதிப்பு வந்துவிட்டால் பூஜ்யத்திலும் போலி வரலாம் அல்லவா? அந்தப் பயம் எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் இருந்தது. எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

ஒன்று இருபது சிங்கிளின் டிக்கெட் விவரத்தைப் பார்த்தபோது அந்தப் பயம் கெட்டிப்பட்டது. ஒரு நாள் மூன்று பேர். மறுநாள் ஐந்து பேர். அதற்கடுத்த நாள் ஒருவர். அதற்கும் அடுத்த நாள் தொண்ணூற்றிரண்டு பேர், அதில் எண்பத்தெட்டு பூஜ்யம். பிறகு மறுபடி நான்கு பேர். இப்படியே போய், இரண்டு வாரம் கழித்து மறுபடியும் எண்பதுக்கு மேல். காட்டுப் பாதையில், நடு மத்தியானத்தில், எங்கிருந்து வந்தார்கள் தொண்ணூறு பேர்? எங்கே போனார்கள்?

கிளை மேலாளர் விவரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது கை வேலை" என்றார். கண்டக்டர் ஆளில்லாமல் டிக்கெட் அடித்திருக்கிறார் என்று அர்த்தம்.

கண்டக்டரின் பெயர் செல்வராணி. கணவர் நம் கழகத்தில் டிரைவராக இருந்து பணியிலேயே இறந்துபோனவர். அந்த அடிப்படையில் கிடைத்த வேலை. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் குழந்தைகள். போலி டிக்கெட் நிரூபணமானால் வேலை போய்விடும். அதில் பாதி தண்டனை, பாதி மன்னிப்பு எல்லாம் கிடையாது. விசாரித்து அறிக்கை தரும்படி என்னிடம் ஒப்படைத்தார்கள். பதினைந்து நாள் அவகாசம்.

முதலில் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பினேன். குறிப்பிட்ட நாட்களில் அசாதாரணமான எண்ணிக்கை ஏன் என்று ஒரு பக்கத்துக்குக் கேட்டிருந்தேன். பதில் வந்தது. தேதி, கையெழுத்து, நடுவில் ஒரே ஒரு வார்த்தை: மேகம்.

மேலாளர் இதைத் திமிர் என்றார். எனக்குத் திமிரா சோகமா என்று பிடிபடவில்லை. கணவனை இழந்தவர், மனம் சரியில்லையோ என்றுகூட யோசித்தேன். மேகத்தைத் தவிர எல்லாவற்றையும் யோசித்தேன் என்று சொல்ல வேண்டும். இருக்கன்குடி கோவிலுக்குப் போகும் கூட்டமாக இருக்கலாம் என்று காலண்டரை எடுத்துவைத்துச் செவ்வாய், வெள்ளி, ஞாயிறு பார்த்தேன், ஒத்துவரவில்லை. அமாவாசை, பௌர்ணமி பார்த்தேன். சந்தை நாள் பார்த்தேன். முகூர்த்த நாள் பார்த்தேன். பஞ்சாங்கத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கட்டம் கட்டமாக ஒப்பிட்டேன். டிராபிக் பிரிவில் பஞ்சாங்கம் பார்த்த முதல் அதிகாரி நானாகத்தான் இருக்கும்.

பிறகு நேரில் போனேன். மூன்று தடவை, முன்னறிவிப்பு இல்லாமல், அந்த சிங்கிளில் ஏறினேன். மூன்று நாளும் சட்டை முதுகோடு ஒட்டும் வெயில். பஸ்ஸில் முதல் நாள் நான்கு பேர், இரண்டாம் நாள் இரண்டு பேர், மூன்றாம் நாள் ஒரு பெரியவரும் அவருடைய சேவலும். செல்வராணி என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார், டிக்கெட் வேண்டுமா பாஸ் வைத்திருக்கிறீர்களா என்று முறைப்படி கேட்டார், பிறகு பின் சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். குற்றவாளிகள் இப்படித்தான் வானத்தைப் பார்ப்பார்கள் என்று நான் முடிவு செய்தேன்.

இதைக் கவனியுங்கள். அந்த பஸ்ஸின் மேல் கம்பிகளிலும் சீட்டு முதுகுகளிலும் வெள்ளி நிறத்தில் தீற்றல் தீற்றலாக ஏதோ ஒட்டியிருந்தது. நான் அதை விரலால் தொட்டும் பார்த்தேன். பணிமனையில் பெயிண்ட் அடித்த லட்சணத்தைப் பார் என்று நினைத்துக்கொண்டு, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டேன்.

ஏழாயிரம்பண்ணை டீக்கடைக்காரரிடமும் விசாரித்தேன். "ஒண்ணு இருவது வண்டியா? அதுல யாரு சார் போறா? காத்தாடிக்கிட்டுல போகும்" என்றார். போதாதா? அறிக்கையின் வரைவைத் தயார் செய்தேன். 'ஆளில்லாத நடையில் டிக்கெட் வழங்கியது முகாந்திரம் உடையதாகத் தெரிகிறது.' நல்ல வாக்கியம். அதில் யாரும் எதையும் செய்வதில்லை, எல்லாம் தானாகத் தெரிகிறது.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஏன் நான்காவது தடவை போனேன் என்று கேட்டால் மனசாட்சி என்று சொல்ல ஆசைதான். பதினைந்து நாள் அவகாசத்தில் இரண்டு நாள் மிச்சம் இருந்தது. நான்கு ஆய்வு என்றால் கோப்பு பார்க்கக் கொஞ்சம் கனமாக இருக்கும். அவ்வளவுதான்.

புரட்டாசி கடைசி. தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. கடைக்கோடிக் கிராமத்தில் ஏறியபோதே மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. பஸ்ஸில் நான், இன்னும் இரண்டு பேர், அப்புறம் மடித்த வேட்டியும் பிளாஸ்டிக் பையில் பத்திரக் கட்டுமாக ஒரு விவசாயி. பையை மடியில் வைத்துக் குழந்தையைப் போல் பிடித்துக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். நிலத்தை விற்கிறார், மகள் கல்யாணத்துக்கு. இரண்டரை மணிக்குச் சாத்தூர் பத்திர ஆபீசில் டோக்கன். "வாங்குற ஆளு மதுரைல இருந்து வந்து உக்காந்திருக்காரு சார். ஏற்கெனவே ரெண்டு தடவ தள்ளிப் போட்ட ஆளு" என்றார்.

பஸ் கிளம்பிப் பத்து நிமிடம் ஆகியிருக்காது. கம்பெனிகளுக்குப் போகும் மண் பாதை பிரிகிற விலக்கில் டிரைவர் ஓரங்கட்டி இஞ்சினை அணைத்தார்.

"என்னண்ணே?" என்றேன்.

டிரைவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "இஞ்சின் சூடாயிருச்சு சார்."

"கிளம்பினதே இப்பத்தானே?"

"அதுக்குள்ள சூடாயிருச்சு சார்."

செல்வராணி பின்னாலிருந்து நடந்து வந்தார். "போதும்ணே, அந்த இஞ்சின எத்தன தடவதேன் சூடாக்குவீக. சார், அங்கன பாருங்க."

மண் பாதையின் தூரத்து முனையில், கருவேல மரங்களுக்கு நடுவே, சேலைகள் தெரிந்தன. முதலில் பத்துப் பதினைந்து. பிறகு வரிசை நீண்டுகொண்டே வந்தது. வேகமாக நடந்து வந்தார்கள். சிலர் ஓடினார்கள்.

"மின்னல் வெட்டுச்சுன்னா கம்பெனில ஒருத்தரும் ரூம்ல இருக்கக் கூடாது சார். வெடிமருந்த அப்பிடியே வச்சிட்டு வெளிய வந்துரணும்" என்றார் செல்வராணி. "வேனு சாயங்காலந்தேன் வரும். இந்நேரத்துக்கு அது வேற டிரிப் பாக்கப் போயிருக்கும். காட்டுக்குள்ள ஒதுங்க ஒரு கூரை கெடையாது. எங்கம்மா பதினெட்டு வருசம் இங்கனதேன் வேல பாத்துச்சு. மேகம் போட்டா வீட்டுல நாங்க வாசலையே பாத்துக்கிட்டு இருப்போம்."

"இதை ஏன்மா எழுதல? மேகம்னு ஒத்தை வார்த்தை எழுதினீங்களே."

"முழுசா எழுதுனா, பஸ்ஸ நிப்பாட்டுனது தெரிஞ்சிரும். அண்ணன் மாட்டிக்கிருவாக. பொய் எழுதவும் மனசு இல்ல. அதேன் நடுவுல நிப்பாட்டிட்டேன்."

எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஒன்று இருபது சிங்கிள் தாமதமாக வந்த நாட்களெல்லாம் சாத்தூர் நேரக் காப்பாளரின் பதிவேட்டில் ஒழுங்காக ஏறியிருந்தன. அது ஒரு அறையில் இருந்தது. டிக்கெட் விவரம் பக்கத்து அறையில் இருந்தது. தாமதத்தைப் பார்க்கிறவர்கள் டிக்கெட்டைப் பார்ப்பதில்லை, டிக்கெட்டைப் பார்க்கிறவர்கள் தாமதத்தைப் பார்ப்பதில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் ஐந்து நிமிட வேலை. இரண்டு அறைக்கும் பொறுப்பு நான்தான். நான் பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விவசாயி எழுந்து நின்றுவிட்டார். "நான் மனு குடுத்தது இதுக்குத்தேன் சார். போன மாசமும் இப்பிடித்தேன், ஆசுபத்திரிக்குப் போகையில. இங்கன கெடந்தா ரெண்டரைக்கு எங்க போய்ச் சேர? யோவ் டிரைவரே, எடுமய்யா."

அந்த மனுவும் என்னிடம்தான் வந்திருந்தது. 'பஸ் அடிக்கடி தாமதம்' என்று இருந்ததால் தாமத அறைக்கு அனுப்பியிருந்தேன்.

இடி ஒன்று விழுந்தது. பஸ்ஸின் தகரம் அதிர்ந்தது. பெண்கள் இன்னும் பாதி வழிகூட வரவில்லை.

"சார்" என்றார் செல்வராணி. "இன்னிக்கு நீங்க இருக்கீக. நீங்களே சொல்லுங்க. எடுக்கவா, நிப்பாட்டவா?"

இருபத்தேழு வருடத்தில் என்னிடம் யாரும் இவ்வளவு நேராக ஒரு கேள்வி கேட்டதில்லை. விதிப்படி எடுக்க வேண்டும். எடுத்தால் அத்தனை பேரும் மின்னலில் வெட்டவெளியில் நிற்பார்கள். மேலும், நான் தயார் செய்து வைத்திருக்கும் வரைவின்படி அந்தப் பெண்கள் இந்த உலகத்திலேயே இல்லை. நிறுத்தினால் இந்த மனிதரின் டோக்கன் போகும், நிலம் போகாது, அதனால் கல்யாணம் நிற்கும். ஐம்பது சீட்டு பஸ்ஸில் தொண்ணூறு பேரை ஏற்றினால் அதுவும் விதி மீறல். எல்லாப் பக்கமும் ஒரு நியாயம் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

மேலாளருக்குப் போன் போட்டேன்.

"நான் எப்படிச் சொல்றது? ஸ்பாட்ல இருக்கிறது நீங்க" என்றார்.

"விதிப்படி எடுக்கணும் சார்."

"அப்ப எடுங்க."

"எடுத்தா தொண்ணூறு பேர் மின்னல்ல நிப்பாங்க."

"அப்ப எடுக்காதீங்க."

"எடுக்காதீங்கன்னு நீங்க சொன்னதா எழுதிக்கலாமா சார்?"

"நான் எதுவுமே சொல்லலையே" என்று வைத்துவிட்டார்.

நான் டிரைவரிடம் அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். மூன்றே முக்காலுக்கு என்றார். விவசாயியிடம் டோக்கனைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன். "என்னைய என்ன கலெக்டர்னு நெனச்சீகளா?" என்றார். செல்வராணியிடம் ஆட்கள் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். அதற்குள் முதல் பெண் படியில் கால் வைத்துவிட்டார்.

நான் முடிவெடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தபோதே முடிவு பஸ்ஸில் ஏறிவிட்டது. பின்னாளில் ஒரு பயிற்சி வகுப்பில் இதை 'நெருக்கடியில் நிதானம்' என்று நானே விவரித்திருக்கிறேன். நீங்கள் நம்ப வேண்டாம்.

"ஏ ராணி, இன்னிக்கு என்ன, ஆபீசர வேற ஏத்திக்கிட்டு வந்திருக்க?" என்றார் ஏறிய பெண்களில் ஒருவர்.

"பேசாம உள்ள போங்க மதினி. சோதன பண்ண வந்திருக்காக."

"எங்களையா? வந்து பாக்கச் சொல்லு. வேல பாத்த கையோட அப்பிடியே வந்திருக்கோம்."

கையைத் தூக்கிக் கம்பியைப் பிடித்தார். உள்ளங்கை முழுக்க அலுமினியப் பொடி. வெள்ளியாக மின்னியது. மற்ற நாட்களில் கைகால் கழுவி, சேலை மாற்றி, வேனில் ஏறுவார்கள். மின்னல் நாளில் யார் கழுவுவது? ஒவ்வொரு கையும் கம்பியில், சீட்டில், கதவில் பதிந்தது. பெயிண்ட் அடித்தவர்களை நான் மனசுக்குள் திட்டியது நினைவுக்கு வந்தது. நெரிசலில் ஒரு கை என் சட்டை முதுகிலும் பதிந்தது. அன்று மாலை வீட்டில் விளக்கம் கேட்டார்கள். மேகம் என்றேன். அங்கேயும் ஏற்றுக்கொள்ளவில்லை.

செல்வராணியால் நகர முடியவில்லை. டிக்கெட்டுகளை அடித்துக் கட்டாகக் கொடுக்க, அவை கை மாறி, தலைக்கு மேல் பஸ்ஸின் கடைசிவரை போயின. "எண்ணி வாங்குங்க, ஒண்ணும் கொறையக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் எண்ணினேன். எண்பத்தேழு. ஒன்றுகூடப் போலி இல்லை. இந்தக் கூட்டத்தில் டிக்கெட் கொடுக்காமல் விட்டிருந்தால் எந்தக் கணினியும் அவரைக் காட்டிக்கொடுத்திருக்காது. ஒழுங்காகக் கொடுத்ததால்தான் மாட்டிக்கொண்டார். இதை எந்தப் பாடத்தில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

வழியில் ஊர் ஊராக இறங்கிப் போனார்கள். சாத்தூர் சேரும்போது மணி மூன்றாகிவிட்டது. விவசாயி கடைசியாக இறங்கினார்.

"இவுக மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல சார்" என்றார். "இவுகள்ல பாதிப் பேரு முன்ன எங்க காட்டுல வேல பாத்தவுகதேன். மழைல நிக்கணும்னு நான் சொல்லுவனா? ஆனா நான் என்ன தப்புப் பண்ணேன், அதச் சொல்லுங்க. யாரு இதுக்குப் பொறுப்பு?"

"நான்தான்" என்றேன். வேறு யாரும் அங்கே இல்லை.

அந்த மதுரைக்காரர் காத்திருக்கவில்லை. நிலம் அன்று பதிவாகவில்லை. கல்யாணம் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை என்பதே சரி.

அறிக்கையை மாற்றி எழுதினேன். போலி டிக்கெட் இல்லை, எல்லாப் பயணிகளும் உண்மையானவர்கள். செல்வராணியின் வேலை தப்பியது. அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் உண்மையை எழுதிவிட்டதால் அடுத்த அறை விழித்துக்கொண்டது. அப்படியானால் பஸ்ஸை அனுமதி இல்லாமல் நிறுத்தியது உறுதியாகிறதே, டிரைவர், கண்டக்டர் இருவர் மீதும் என்ன நடவடிக்கை என்று கேட்டார்கள். முந்தைய நாட்களுக்கு எச்சரிக்கையோடு விட்டார்கள். நான் இருந்த நாளைக்கு, 'ஆய்வு அதிகாரியின் உத்தரவின்பேரில் நிறுத்தப்பட்டது' என்று எழுதினேன். நான் உத்தரவு எதுவும் போடவில்லை என்பது பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் தெரியும். விவசாயியின் இரண்டாவது மனு என் பெயரைச் சொல்லியே வந்தது. எனக்கு ஒரு மெமோ கிடைத்தது. நியாயமான மெமோ.

பிறகு கூட்டம் போட்டார்கள். ஒன்று இருபது சிங்கிளின் சராசரிப் பயணிகள் பதினொரு பேர் என்று திரையில் காட்டினார்கள். பதினொரு பேருக்குப் பெரிய பஸ் எதற்கு, சின்ன வண்டி போதுமே என்றார் ஒருவர். சராசரி போடுவதை அவர் என்னிடம்தான் கற்றுக்கொண்டிருந்தார். நான் எழுந்து, அந்த பஸ்ஸில் பதினொரு பேர் ஒரு நாளும் ஏறியதில்லை, ஏறினால் மூன்று பேர், இல்லையென்றால் தொண்ணூறு பேர் என்றேன். அப்படியானால் எந்த நாள் தொண்ணூறு என்று சொல்லுங்கள், அன்றைக்குப் பெரிய பஸ் விடலாம் என்றார்கள். மேகத்திடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. திட்டம் நிலுவையில் வைக்கப்பட்டது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

கம்பெனிகளிடம் மத்தியானம் ஒரு வேனை நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். வேன் எங்களுடையது இல்லை, கான்ட்ராக்ட் என்றார்கள். விலக்கில் ஒரு நிழற்கூரை கேட்டேன். அந்த இடம் யாருடையது என்று மூன்று அலுவலகங்கள் எழுதிக்கொண்டன. கடைசியில் என்னையே கேட்டார்கள்.

இந்தச் சமயத்தில்தான் செல்வராணி ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்தார்.

"சார், அன்னிக்கு உங்க பேருல எழுதுனீக. சரி. நாளைக்கு மேகம் போட்டா நான் என்ன செய்ய? எழுத்துல ஏதாவது குடுங்க."

"எழுத்துல குடுக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா."

"அப்ப மேகம் போடுதப்பல்லாம் நீங்க வந்து பஸ்ல உக்காருவீகளா?"

அப்படி உட்கார முடியாது என்பதால் என் போன் நம்பரைக் கொடுத்தேன். அந்த மழைக் காலம் முழுக்க, மத்தியானம் ஒன்றரை மணிவாக்கில் போன் அடிக்கும். "சார், மேகம் போட்டுருச்சு." ஆட்கள் தெரிகிறார்களா என்று கேட்பேன். பஸ்ஸில் அவசரக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்பேன். சில நாள் நிறுத்துங்கள் என்பேன். ஒரு நாள், பிரசவத்துக்குப் போகும் பெண் பஸ்ஸில் இருந்தபோது, எடுங்கள் என்றேன்; அன்றைக்கு இரவெல்லாம் விலக்கில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆகாததால் நான் செய்தது சரி என்று ஆகிவிடுமா? தெரியவில்லை. இருபது கிலோமீட்டர் தள்ளி மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு ஜன்னலும் இல்லாத அறையில், வானத்தை முடிவு செய்துகொண்டிருந்தேன்.

ஓய்வு பெறும்போது எல்லாக் கோப்புகளையும் முறைப்படி ஒப்படைத்தேன். இதை மட்டும் ஒப்படைக்க முடியவில்லை. இதற்குக் கோப்பே கிடையாது.

போன வாரம், சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தபோது போன் அடித்தது.

"சார், மேகம் போட்டுருச்சு."

"நான் ரிடையர் ஆயிட்டேன்மா."

"தெரியும் சார். எடுக்கவா, நிப்பாட்டவா?"

"புதுசா வந்த அதிகாரிங்ககிட்டக் கேக்கலாம்ல?"

"கேட்டேன் சார். விதிப்படி செய்யுங்கன்னாக."

போனில் மழைக்கு முந்திய காற்றின் சத்தம் கேட்டது.

"ஆளுங்க தெரியுதா?" என்றேன்.

"வந்துக்கிட்டிருக்காக."

"பஸ்ல அவசரக்காரங்க?"

"ஒருத்தரும் இல்ல."

"நிறுத்துங்க."

"சரி சார்" என்றார். "சாப்பிட்டீகளா?"

டிரிப் ஷீட்டில் தாமதத்துக்குக் காரணம் 'அதிகாரி உத்தரவு' என்று எழுதுகிறாராம். எந்த அதிகாரி என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. சட்டப்படி நான் இப்போது யாரும் இல்லை. என் பேச்சைக் கேட்டு அரசு பஸ் ஒன்று ரோட்டில் நிற்பது எந்த விதியில் வரும் என்றும் எனக்குத் தெரியாது. ஐப்பசி பிறக்க இன்னும் சில நாள்தான் இருக்கிறது. உங்களில் யாராவது ஒருவர் தயவுசெய்து உங்கள் போன் நம்பரைச் செல்வராணியிடம் கொடுத்துவிட்டு, மத்தியானம் ஒன்றரை மணிக்குப் போனைக் கையில் வைத்திருங்கள்.